கணினியில் அழுக்கு நோட்டு: நெடுநாள் பயன்பாட்டில் தேறியவையும் தேறாதவையும்

பணத்தாள்களைத் தரம் பிரிக்கும் மென்பொருளைப் பயிற்றுவிக்கும்போது நைந்த நோட்டுகளின் படங்களுக்குத்தான் பஞ்சம். புது நோட்டின் ஸ்கேன் எளிதாகக் கிடைத்துவிடும். அழுக்கேறியது, மூலை மடிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் எல்லா மதிப்பிலும் வேண்டிய அளவு கிடைக்காது. அந்தக் குறையை ஓபன்சிவி (படங்களைக் கையாளும் நிரல் நூலகம்), நம்பை (எண் கணக்கீட்டு நூலகம்) இரண்டையும் கொண்டு, புது நோட்டின் படத்தில் செயற்கையாக அழுக்கேற்றி நிரப்பலாம். ஆனால் அழுக்கைப் படத்தின்மேல் பூசக் கூடாது, படத்தின் நிற மதிப்புகளை ஓர் எண்ணால் பெருக்கி உண்டாக்க வேண்டும்.

பழுப்பு அடுக்கு ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி மேலே போட்டால் கரிய மைக்கோடுகளும் வெளுத்துவிடும். உண்மை நோட்டில் அப்படி நடப்பதில்லை. அச்சில்லாத வாட்டர்மார்க் பகுதிதான் அதிகம் மங்கும். கரிய மை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே படக்கோப்பில் வழக்கமாக இருக்கும் எஸ்ஆர்ஜிபி நிற மதிப்புகளை முதலில் நேரியல் ஒளி மதிப்புகளாக்கி (அதாவது உண்மை ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக்கி), ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பெருக்கிவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திருப்ப வேண்டும். நடுத்தர அழுக்குக்குச் சிவப்பு 0.93, பச்சை 0.88, நீலம் 0.76 என்று தொடங்கலாம். நீலம் இவ்வளவு குறைவதற்குக் காரணம் விரலின் எண்ணெய்ப் பசை. அது காகிதத்தில் ஊறி, ஆக்சிஜனேற்றத்தால் மஞ்சளாகிறது. ஓபன்சிவியில் மூன்று நிறங்களில் நீலம்தான் முதலில் வரும். அதை மறந்தால் நோட்டு நீலம் பூத்து நிற்கும். எல்லாப் படிகளும் முடியும்வரை 32 பிட் தசம எண்களிலேயே வைத்திருங்கள். இடையிடையே 8 பிட்டுக்கு மாற்றினால் மென்மையான பகுதிகளில் பட்டை பட்டையாகத் தெரியும்.

அழுக்கு சீராகவும் படியாது. விளிம்பு, மூலை, நடுமடிப்பு ஆகிய இடங்களில் கூடும். விளிம்பிலிருந்து உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, தூரம் கூடக்கூடக் குறையும் முகமூடி ஒன்றைச் (எந்த இடத்தில் எவ்வளவு அழுக்கு என்று சொல்லும் படம்) செய்து, அதோடு பரந்த இரைச்சலை (ஒழுங்கில்லாத பெரிய திட்டுகளை) கலக்கலாம். பரந்த இரைச்சலை 16-ல் 1 பங்கு அளவில் உருவாக்கிப் பெரிதாக்குவது, முழு அளவில் மங்கலாக்குவதைவிட மிக விரைவு. நிலையான சில முகமூடிகளையே திரும்பத் திரும்பப் போட்டால் மென்பொருள் அழுக்கை விட்டுவிட்டு அந்த முகமூடிகளை மனப்பாடம் செய்துவிடும்.

மடிப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். நோட்டு முழுக்க ஒரே கருங்கோடு இழுத்தால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். மை அடர்ந்த இடத்தில் மடிப்பின் முகட்டில் மை உதிர்ந்து வெள்ளை இழை தெரியும். வெறுங்காகிதத்தில் அதே மடிப்பு அழுக்கைப் பிடித்துக் கறுக்கும். மை அடர்த்தி வரைபடம் ஒன்றை எடுத்து, அடர்த்தி 0.4-க்கு மேலிருக்கும் இடத்தில் 1 முதல் 2 பிக்சல் அகலத்துக்கு விட்டுவிட்டு வெளுக்கச் செய்யுங்கள். மற்ற இடத்தில் 6 முதல் 10 பிக்சல் அகலத்துக்கு மென்மையாகக் கறுக்கச் செய்யுங்கள். 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 பிக்சல்) ஸ்கேனுக்கு இந்த அளவுகள் பொருந்தும்.

மூலை மடிப்பில் இன்னொரு நுணுக்கம். மூலை கேமராவை நோக்கி மடிந்திருந்தால் அங்கே நோட்டின் பின்பக்கம் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கம் மடிந்திருந்தால் ஸ்கேனரின் பின்னணி தெரியும். இரண்டுக்குமே கறுப்பு முக்கோணம் வைப்பது குறுக்குவழி. இரு பக்கப் படங்களும் சரியாகப் பொருந்தியிருந்தால் பின்பக்கத்தை மடிப்புக் கோட்டில் பிரதிபலித்து ஒட்டுவது சில வரி நிரல்தான்.

அளவுகளை மில்லிமீட்டரில் யோசியுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் விதிப்படி 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டிய ஓட்டை நோட்டைத் தகுதியிழக்கச் செய்யும். 200 டிபிஐ-யில் அது சுமார் 620 பிக்சல். இந்த எல்லைக்கு இருபுறமும், 5 முதல் 15 சதுர மில்லிமீட்டர் வரை, அதிக மாதிரிகள் செய்தால்தான் பயிற்சிக்குப் பலன். மிகப் பெரிய ஓட்டையை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துவிடும்.

வரிசையும் முக்கியம்: மை உதிர்வு, மடிப்பு, அழுக்கு, வளைவு, கிழிசல், வெளிச்சம், கடைசியாகத்தான் சென்சார் இரைச்சலும் ஜேபெக் சுருக்கமும். இரைச்சலை அழுக்குக்கு முன்னால் சேர்த்தால் பெருக்கலில் இரைச்சலும் அடங்கிப்போகும். மென்பொருள் அந்த வித்தியாசத்தையே அழுக்கென்று கற்றுக்கொள்ளும். அகச்சிவப்புப் படம் இருந்தால் அதே முகமூடியை அப்படியே போடாதீர்கள். மஞ்சள் எண்ணெய்ப் பசை அதில் அநேகமாகத் தெரியாது, கரித்தூள் தெரியும். நோட்டின் தளர்வைப் படத்தில் காட்ட முயல்வது வீண்வேலை; அதற்கு ஒலி சார்ந்த சென்சார்கள் உண்டு.

அழுக்கின் அளவைக் குறிக்கும் லேபிளை உள்ளீட்டு எண்ணிலிருந்து (நாம் பெருக்கிய எண்ணிலிருந்து) எடுக்காமல், முடிந்த படத்தின் வாட்டர்மார்க் பகுதியில் நீல ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதுங்கள். அடிப்படைப் படமே சற்றுப் பழையதாக இருந்தால் உள்ளீட்டு எண் பொய் சொல்லும். சோதனைத் தொகுப்பில் செயற்கைப் படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாலிமர் நோட்டுக்கு இந்த முறை பொருந்தாது: அது எண்ணெயை உறிஞ்சுவதில்லை, மை செதில் செதிலாக உரிகிறது. அதற்குத் தனி முறையே எழுத வேண்டும்.