கேமரூன் மேலிலை: ருசியில் குறையில்லை, நம் கடற்கரைக்கு ஆகாது

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, துபாய்ல இருந்து மச்சான் வர்றாரு. கேமரூன் ராப்பர் சுருட்டு ஒரு பெட்டி விலை குறைஞ்சு கிடைக்குதாம், வாங்கிட்டு வரச் சொல்லவா? நம்ம ஊருக்குத் தாங்குமா?" சரியான கேள்வி. ராப்பர் என்பது சுருட்டின் வெளியே சுற்றியிருக்கும் மேலிலை, உள்ளே நிரப்பியிருப்பது உள்ளிலை. இந்த இலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ருசியைச் சொல்வார்கள், தாங்குமா என்பதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஊரில் உப்புக்காற்று கிடையாது.

முதலில் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். கேமரூன் இலையின் இனிப்பு உதட்டிலேயே தொடங்கும். தலையை, அதாவது வாயில் வைக்கும் முனையை, வெட்டிவிட்டு, பற்றவைக்காமல் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்தாலே தெரிந்துவிடும். நெருப்புப் பிடித்ததும் முதல் ஓர் அங்குலத்துக்கு வெள்ளை மிளகின் உறைப்பு. தொண்டையைப் பிடிக்கும் காரல் அல்ல இது. வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விட்டால்தான் தெரியும். பிறகு ஜாதிக்காய் வாசம், வறுத்த நிலக்கடலைத் தோல், இழைத்த மரத்தூள். பாதி எரிந்தபின் மிளகு அடங்கி இனிப்பு முன்னால் வரும். காரம் நடுத்தரம்தான், தலையைச் சுற்றவைக்காது. பால் இல்லாத கருப்பட்டிக் காபி இதற்கு நன்றாகப் பொருந்தும். சுக்கு மல்லி போட்டதைத் தவிர்க்கவும். சுக்கின் உறைப்பு இலையின் உறைப்பை விழுங்கிவிடும். (புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உட்தோல் வழியே ஏறத்தான் செய்யும். சுருட்டால் வாய்ப்புற்று வரும். இதை மறைத்துவிட்டு ருசியை மட்டும் பேசுவது நேர்மை இல்லை.)

இதன் விதை சுமத்ராவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. கேமரூனிலும் அதை ஒட்டிய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் மேகமூட்டமே நிழல் தருவதால், அமெரிக்காவில் நிழலில் வளர்க்கும் கனெக்டிகட் ஷேட் இலைக்குப் போடுவது போலத் துணிப்பந்தல் போடுவதில்லை. இலை சிறியது, மெலிந்தது. விரலால் தடவினால் பொடிப்பொடியான புடைப்புகள் தட்டுப்படும். எண்ணெய் அங்கேதான் தேங்கி நிற்கும். எரிந்த சாம்பலில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வேறு சில இலைகளிலும் இந்தப் புள்ளி உண்டு. ஆனால் மழமழவென்ற சாம்பலாக இருந்தால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

இலை சிறியதாக இருப்பதால் பெருந்தடிச் சுருட்டுகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. அது நல்லதுதான். சுருட்டின் குறுக்களவை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். உள்ளிலையின் அளவுக்கு மேலிலை எவ்வளவு என்று பார்த்தால், 54 அளவைவிட 42 அளவுச் சுருட்டில் அந்த விகிதம் ஏறக்குறைய 29% கூடுதல். மேலிலையின் ருசிக்காகக் காசு கொடுக்கிறவர் ஒல்லியானதைத்தான் எடுக்க வேண்டும். ஆர்ட்டுரோ ஃபுவென்டே என்ற சுருட்டு நிறுவனத்தின் ஹெமிங்வே வரிசையில் இந்த இலைதான். அதில் பற்றவைக்கும் முனை குறுகி இருப்பதால் முதல் சில இழுப்புகளில் மேலிலையைக் கிட்டத்தட்டத் தனியாகவே ருசித்துவிடலாம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். வெடிப்பு. பாதி எரிந்துகொண்டிருக்கும்போது நெருப்புக்கு அரை அங்குலம் மேலே நெடுக்காக ஒரு கீறல் விழும். இழுக்க இழுக்க அது மேலே ஓடும். காற்று அந்த வழியாக உள்ளே புகுந்து, புகை நீர்த்துப்போய், எரிவது ஒரு பக்கமாகச் சாயும். அரை மணி நேரம் பொத்திப் பொத்தி எரித்த சுருட்டு கையிலேயே பிரிந்து நிற்கும். திண்டுக்கல் சுருட்டிலோ உறையூர்ச் சுருட்டிலோ இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் மேலிலை தடித்தது. மண்டபம் ஊர்க் கடலில் வள்ளத்தின் அணியத்தில் (முன்முனையில்) உட்கார்ந்து பிடித்தாலும் பிரியாது. கோயிலில் கருப்பசாமிக்குப் படையலாக வைத்த சுருட்டு இரவெல்லாம் பனியில் கிடந்தாலும் முழுசாகவே இருக்கும். இந்த மெல்லிலைக்குக் கொடுக்கிற விலையை நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

சுற்றியவர் மேல் குற்றம் இல்லை. உள்ளிலை ஈரத்தை வாங்கினால் உப்பும். மேலிலை அந்த அளவுக்கு விரியாது. நம் கரையில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அப்படிப்பட்ட காற்றில் நாட்கணக்கில் கிடந்த சுருட்டை ஏ.சி. அறையில் வைத்தால், வெளியில் இருக்கும் மேலிலை சீக்கிரமே காய்ந்து சுருங்கும், உள்ளிலை உப்பியபடியே நிற்கும். அப்போது விழும் கீறல் பலருக்குப் புரிவதில்லை. ஈரம் போதவில்லை என்று நினைத்து மேலும் ஈரம் ஏற்றுவார்கள். வெடிக்க வைப்பது ஈரத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம்தான்.

இதைவிட மோசமானது எதிர்த்திசை. ஏ.சி. அறையில் 23 டிகிரியில் இருந்த சுருட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கோ மணலுக்கோ வருகிறோம். வெளிக்காற்றின் பனிப்புள்ளி இங்கே பல மாதங்களில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். மூக்குக்கண்ணாடி மங்குவதை எல்லோரும் கவனிப்பார்கள், அதே நேரத்தில் சுருட்டின் மேலும் நீர் படிவதை யாரும் கவனிப்பதில்லை. தடித்த இலை அதைத் தாங்கும். கேமரூன் இலை நனைந்த இடத்தில் சுருக்கம் விழுந்து, ஓரத்துப் பசை இளகி, பற்றவைத்த சூட்டில் பிரியும். தீர்வுக்குச் செலவே இல்லை: சுருட்டை அதன் உறையிலோ காற்றுப் புகாத சிறு டப்பாவிலோ மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறந்தால் நீர் படியாது. இந்த ஒன்றைச் செய்தாலே வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும். முழுதாக நிற்காது.

சேமிப்புக்கு மரப்பெட்டி நம் ஊரில் வேண்டாம். அதன் மூடி வழியே கடல் உள்ளே வந்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவே போதும். உள்ளே ஸ்பானிஷ் சிடார் பலகை ஒன்று வைக்கலாம். பேர் சிடார் என்றாலும் அது வேம்பின் குடும்பத்து மரம், பிசின் நாற்றம் இல்லாதது. பைன் மரத்தைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது. டப்பாவின் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தும் ஈரப்பதப் பொட்டலம் 62 சதவீதம் போதும். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் 69 இங்கே தப்பு. 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று. அவர்கள் ஊரில் பொட்டலம் ஈரத்தைக் கொடுத்துக் காயும், நம் ஊரில் ஈரத்தை வாங்கி உப்பும். தளதளவென்று தண்ணீர்ப் பையாகிவிட்டால் அதற்குமேல் அது எதையும் வாங்காது, மாற்றிவிட வேண்டும். ஒரு பெரிய டப்பாவைத் தினமும் திறப்பதைவிட இரண்டு சிறியவை மேல். ஒன்றை மூடியே வைத்திருக்கலாம்.

ஈரமானியை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் கவரில் போட்டு ஒரு நாள் மூடிவைத்தால் 75 காட்ட வேண்டும். எத்தனை கூடுகிறதோ குறைகிறதோ அதுதான் கருவியின் பிழை. இதற்குப் பாக்கெட் தூளுப்புதான் சரி. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் அள்ளிய கல்லுப்பில் மக்னீசியம் உப்புகள் ஒட்டியிருக்கும், அளவு இறங்கிக் காட்டும்.

வண்டு பற்றி ஒரு வரி: 25 டிகிரிக்கு மேல் புகையிலை வண்டின் முட்டை எளிதில் பொரிக்கும், நம் வீடுகள் ஆண்டு முழுதும் அதற்கு மேல்தான். பெட்டி வந்ததும் இரட்டைக் கவரில் கட்டி ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், பிறகு வெளியே. நேராக ஃபிரீசரில் போட்டால் வேறு யாரும் வெடிக்கும் முன் கேமரூன் வெடிக்கும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த கடற்கரையில் எந்தச் சுருட்டும் சூடேறிக் கசக்கும். இந்த இலையோ காற்று அடிக்கும் பக்கமாக ஓடி எரிந்து ஓடம்போலக் குழிந்துவிடும். சுவரை ஒட்டி உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, எரிவு பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தால் மெல்லச் சமன்படும். வெட்டும்போது தலையை மூடியிருக்கும் தொப்பி இலையை முதலில் எச்சிலால் நனைத்து, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டவும். தொப்பியின் கோட்டைத் தாண்டினால் மேலிலை அங்கிருந்தே அவிழும்.

கீறல் விழுந்தால் ஒட்டலாம். ஜாமைக் கெட்டியாக்கப் போடும் பெக்டின் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியான கூழாக்கி, விரல் நுனியால் கீறலின் இரு ஓரத்திலும் மெல்லத் தடவி, பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். கீறல் அகலமாக இருந்தால் கெட்டுப்போன வேறொரு சுருட்டின் மேலிலையை லேசாக நனைத்து உரித்து, நரம்பு இல்லாத துண்டாக வெட்டி மேலே போர்த்தலாம். மைதாப் பசை வேண்டாம், எரியும்போது கருகல் வாடை வரும். நெருப்புக்கு ஓர் அங்குலத்துக்குள் விழுந்த கீறலை ஒட்ட முயல்வது வீண். சூட்டில் பசை விட்டுவிடும்.

ஆக, தம்பிக்குப் பதில்: வாங்க வேண்டாம். இத்தனை புகழ்ந்தபிறகும் அதுதான் பதில். வீட்டில் ஏ.சி. அறை, டப்பா, பொட்டலம், பொறுமை நான்கும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மச்சானிடம் எக்வடோரில் விளைந்த சுமத்ரா வகை மேலிலை சுற்றிய சுருட்டைக் கேளுங்கள். மிளகில் பாதி கிடைக்கும், அந்த உதட்டு இனிப்பு கிடைக்காது, ஆனால் முழுசாகப் பிடித்து முடிக்கலாம். மச்சான் ஏற்கெனவே கேமரூனை வாங்கிவிட்டார் என்றால் 46 அளவுக்கு மேல் இருப்பதை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ஊருக்கு வந்ததும் ஒரு மாதம் டப்பாவைத் திறக்காதீர்கள்.