பிடுங்க வேண்டியதை மட்டும் பிடுங்கும் ஒரு பல் மருத்துவமனை

மதுரையில், வைகையின் வடகரையில் இயங்கும் ஒரு பல் மற்றும் தாடை அறுவைச் சிகிச்சை மையத்தைப் பற்றிய மதிப்பீடு இது. என் தம்பிக்கு ஞானப்பல் அறுவையும், என் மாமனாருக்கு இரண்டு பற்களை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியச் செயற்கை வேர்) பொருத்தும் முதற்கட்ட வேலையும் இங்கே நடந்தன. குறைகளையும் சொல்லப் போவதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பல் மருத்துவமனையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் 'வலிக்குமா, எவ்வளவு ஆகும்' என்ற இரண்டையே கேட்கிறார்கள். அவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த அறுவை நமக்குத் தேவைதானா என்பது. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் இடமாக இருப்பதுதான் இந்த மையத்தின் முதல் சிறப்பு.

தம்பிக்கு வயது 24. கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைசிப் பல் பாதி முளைத்து, மீதிப் பாதி ஈறு மூடியபடி, முன்னால் இருக்கும் பல்லின் மீது சாய்ந்து நின்றிருந்தது. அந்த ஈற்று மடிப்புக்குள் சோறும் கீரையும் தங்கி, அடிக்கடி வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போகும். மாத்திரை போட்டால் அடங்கும், பிறகு மீண்டும் வரும். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர், இடப்பக்கப் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்றார். காரணங்களையும் படத்திலேயே காட்டினார்: திரும்பத் திரும்ப வரும் ஈற்று அழற்சி ஒன்று, சாய்ந்த பல் முட்டும் இடத்தில், அதற்கு முன்னால் இருக்கும் பல்லின் பின்புறம் தொடங்கியிருந்த சொத்தை மற்றொன்று. வலப்பக்கத்திலும் ஒரு ஞானப்பல் எலும்புக்குள் முழுவதுமாகப் புதைந்து கிடந்தது. "வந்ததே வந்தோம், அதையும் சேர்த்து எடுத்துவிடலாமே டாக்டர்" என்று தம்பியே கேட்டான். "அது உங்களை ஒன்றும் செய்யவில்லையே தம்பி, நாம் ஏன் அதைத் தொந்தரவு செய்ய வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்பது அவர் கருத்து. தொந்தரவில்லாத, நோய்க்கூறில்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்குவதைக் கைவிடும்படி இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலேயே அரசுசார் வழிகாட்டுதல் வெளியானது. ஆனாலும் நான்கையும் ஒரே மூச்சில் எடுத்துவிடச் சொல்லும் இடங்கள் நம் ஊரில் உண்டு. வேறொரு மருத்துவமனையில் எங்களுக்கே அப்படி ஒரு மதிப்பீட்டுத் தாள் எழுதித் தந்தார்கள்.

அறுவைக்கு முன்பு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது எல்லா இடத்திலும் நடக்கும் சடங்குதான். இங்கே அதைப் படித்துக் காட்டினார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புக் குழாயை எக்ஸ்ரேயின் மேல் பென்சிலால் கோடிட்டு, பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காட்டி, கீழுதடும் முகவாயும் சில வாரங்கள் மரத்துப்போகக்கூடும், அரிதாக அது நிலைத்தும் விடலாம் என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். வேர் அந்தக் குழாயின் மீதே படிந்திருப்பதாகத் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்களாம். தம்பிக்கு அது தேவைப்படவில்லை. தேவையில்லாததை எழுதித் தரவும் இல்லை.

அறுவை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. துணைக்கு ஒருவரைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்க அனுமதிக்கிறார்கள் என்பதால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துப்போகும் ஊசி போட்ட உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. பாதி உதடு தடித்ததுபோல் இருக்கிறதா என்று கேட்டு, ஈற்றைக் கூரிய கருவியால் குத்திப் பார்த்து, வலி இல்லை, அழுத்தம் மட்டும் தெரிகிறது என்று தம்பி கையசைத்த பிறகே தொடங்கினார்கள். ஈற்றைக் கீறி விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைத் தண்ணீர் பீய்ச்சியபடியே சிறிதளவு சீவி, பல்லின் தலைப்பகுதியைத் தனியாகவும் வேரைத் தனியாகவும் பிளந்து எடுத்து, கருப்பு நூலால் தையல் போட்டார்கள். தண்ணீர் பீய்ச்சுவது எலும்பு சூடேறிக் கெட்டுப்போகாமல் இருப்பதற்காக. பல்லைத் துண்டாக்குவது அதிக எலும்பை வெட்டாமல் இருப்பதற்காக. வலியைவிட அந்தப் பல் பிளக்கும் சத்தம்தான் தன்னை உலுக்கியதாகத் தம்பி பிறகு சொன்னான். அந்தச் சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நாற்காலியின் கைப்பிடியை அப்படி இறுக்கியிருக்க மாட்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கவோ துப்பவோ உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கவோ கூடாது. கன்னத்தில் வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீர். எல்லாம் சரியான அறிவுரைகள், காரணமும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தன: பல் இருந்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி, அது உறிஞ்சலிலோ துப்பலிலோ பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நான்காம் நாளில் காதுவரை தெறிக்கும் வலி வரும். புகைபிடிப்பவர்களுக்கு இந்த அபாயம் அதிகம் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பல் எடுத்தால் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்ற பொது நம்பிக்கையின் பேரில் அன்று மாலையே ஜிகர்தண்டா குடிக்கப் புறப்பட்ட தம்பிக்கு, குழல் இல்லாமல் கரண்டியால் சாப்பிட வேண்டும், கடற்பாசித் துணுக்குகள் தையலில் சிக்கும் என்பதால் அதுவும் சில நாள் கழித்துத்தான் என்று செவிலியர் பொறுமையாக விளக்கினார். மதுரைக்காரர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமே ஆகியிருக்க வேண்டும்.

மாமனார் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அவருக்குச் சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். பல் எடுக்கப் போகிறோம் என்றதும் அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் போகும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. இங்கே முதல் நாளே, "ஐயா, அந்த மாத்திரையை யாரைக் கேட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் இதய மருத்துவர் சொன்னால் மட்டுமே அதில் மாற்றம்" என்று கண்டிப்பாகச் சொல்லி, அவருடைய இதய மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்கள். ஓரிரு பற்களை எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு அழுத்தியும் தையலிட்டும் கட்டுப்படுத்திவிடலாம். ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது. சர்க்கரைக்கு அன்றைய காலை அளவோடு மூன்று மாதச் சராசரியையும் கேட்டு, அது அதிகமாக இருந்ததால் அவசரமில்லாத இம்ப்ளாண்ட் வேலையைத் தள்ளிவைத்து, ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களை மட்டும் எடுத்தார்கள். மருந்து விவரப் படிவத்தில் எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை, ஊசி பற்றிய கேள்வி தனியாக இருந்ததையும் குறிப்பிட வேண்டும். அந்த வகை மருந்துகள் சிலவற்றை எடுத்துக்கொள்பவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவமனைகளும் உண்டு.

இம்ப்ளாண்ட் பற்றிய ஆலோசனையில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரனெமார்க் 1952இல் முயல் எலும்பில் தற்செயலாகக் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார் என்பது வரை வரவேற்பறைத் தொலைக்காட்சி அழகாகச் சொல்கிறது. ஆனால் எலும்பு போதாதவர்களுக்கு எலும்புத்தூள் வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதம் வரையிலும் கழித்தே மேலே பல் வைக்க முடியும், அந்த மேற்பல்லுக்குத் தனிக் கட்டணம் என்பனவற்றை நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கழற்றி மாட்டும் செட்டோ, பக்கத்துப் பற்களைச் சீவி வைக்கும் பிரிட்ஜோ என் மாமனாருக்குப் போதுமா என்ற கேள்விக்கு மூத்த மருத்துவர் நேராகப் பதில் சொன்னார். கட்டணம் பேசும் மேசையில் இருந்தவரோ தவணைத் திட்டத்தைப் பற்றியே பேசினார். மருத்துவர் அறையில் கிடைக்கும் நேர்மை அந்த மேசை வரை வந்து சேரவில்லை.

ஈற்று அறுவை, வேர்நுனி அறுவை ஆகியவையும் இங்கே நடக்கின்றன. காத்திருந்த நேரத்தில் பழக்கமான ஒரு திருமங்கலத்து அம்மாவுக்கு, ஆழமாகச் சுத்தம் செய்து சில வாரம் கழித்தும் ஈற்றுப் பைகள் (பல்லை விட்டு ஈறு விலகுவதால் உண்டாகும் இடுக்குகள்) குறையாத இடங்களில் மட்டும் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்தார்களாம். வேர்நுனியை வெட்டி அடைக்கும் அறுவையை, ரூட் கேனலை மீண்டும் செய்ய வழியில்லாதபோதுதான் செய்வோம் என்றார்கள்.

எதற்காக வந்தாலும் நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாவற்றையும் விளக்கடித்துப் பார்ப்பது இங்கே வழக்கம். மேலூர்ப் பக்கத்திலிருந்து பல் வலிக்காக வந்திருந்த ஒருவரைத் தம் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார்கள். ஒன்றரை விரல்தான் நுழைந்தது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்சவ்வு இறுகிப்போனதன் அடையாளம் அது. பல்லை விட்டுவிட்டு, கன்னத்தில் இருந்த வெள்ளைத் திட்டிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல மருத்துவர் செலவிட்ட நேரத்தில் எங்கள் முறை வெகுவாகத் தள்ளிப்போனது. அதில் எனக்குக் குறையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைப் பார்த்தும் சும்மா அனுப்பும் இடங்களைவிட இது எவ்வளவோ மேல்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு நேரம் என்பது இங்கே பேருக்குத்தான். மாலை ஆறு மணிக்குப் பதிவு செய்தால் எட்டுக்கு முன் நாற்காலியில் அமர முடியாது. மையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலியுள்ள மாமனார் ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் பாதியில் நின்றார். ரசீதில் எக்ஸ்ரே, ஊசி, தையல் எல்லாம் ஒரே தொகையாக வருகிறது. பிரித்துக் கேட்டால்தான் தருகிறார்கள். தம்பியின் அறுவைக்கு 6,500 ரூபாய் ஆனது, தையல் பிரிக்கத் தனியாக வாங்கவில்லை. பணம் ஒரு தடையாக இருப்பவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் பல் பிரிவையோ, நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளையோ நாடலாம். கல்லூரிகளில் நேரம் அதிகம் பிடிக்கும், கட்டணம் குறைவு.

இரவில் இந்த மையம் திறந்திருப்பதில்லை. பல் சீழ் முற்றித் தாடைக்குக் கீழே கழுத்து கல்போல் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு மூச்சு திணறினால் அது காலை வரை காத்திருக்கக்கூடிய நோயே அல்ல. அந்த நிலையில் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகுமாறு மாடிப்படி வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்தை இன்னும் சற்றுப் பெரிதாகப் போட்டு, மேலே ஒரு விளக்கும் வைத்திருக்கலாம்.