ஆஸ்கார் தொட்டிக்குச் செய்வித்த சம்ப்: ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் 5 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டி இருக்கிறது. அதில் நான்கு ஆஸ்கார் மீன்கள். அவை தின்னும் அளவுக்குத் தண்ணீரையும் அழுக்காக்கும். தொட்டிக்குள் தொங்கவிட்ட சிறிய வடிகட்டி ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லி, 90 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரத்தில் சம்ப் செய்வித்தேன். சம்ப் என்றால் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் கண்ணாடிப் பெட்டி; தொட்டித் தண்ணீர் அதில் இறங்கி, அறை அறையாக வடிகட்டப்பட்டு, பம்பியால் மறுபடி மேலே போகும்.

வேலைப்பாடு அருமை. விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கும் கீறாது. சிலிக்கன் பசையில் ஒரு காற்றுக்குமிழ் இல்லை; இதுவரை ஒரு துளி கசியவில்லை. முதல் அறையில் ஸ்பொஞ்ச், நடுவில் பீங்கான் வளையங்கள், கடைசியில் பம்பி. வளையங்களில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பக்ரீறியா குடியேற ஒன்றரை மாதம் பிடித்தது. அதன் பிறகு தொட்டிக்குப் பின்னால் சுவரில் இருந்த வெடிப்பே தெளிவாகத் தெரிந்தது.

முதல் மின்வெட்டிலேயே விறாந்தை நனைந்தது. பம்பி நின்றதும், மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாய் வழியாகவே தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கியது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 8 சென்ரிமீற்றர் கீழே இருந்தது. என் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 9 லீற்றர், எட்டுக்கு 72. சம்பில் மிச்சமிருந்த வெற்றிடமோ 47 லீற்றர்தான். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய துளை போட்டேன். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடுகிறது. பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுகிறேன். பொருத்த வந்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு குறை தெரிந்தது. யன்னல் திறந்திருந்தால் நாளுக்கு 4 லீற்றர் வரை ஆவியாகிறது. மற்ற அறைகளில் மட்டம் அப்படியே நிற்கும். குறைவதெல்லாம் பம்பி இருக்கும் அறையில்தான். எனக்குச் செய்து தந்த அறை 20 சென்ரிமீற்றர் அகலம்தான். ஒரே நாளில் 5 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பம்பி காற்றை இழுத்துச் சீறிக்கொண்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்தபடி நின்றதைப் பார்த்து நெஞ்சு பதறிவிட்டது.

கண்ணாடி வேலைக்காக அதே கடைக்கு மறுபடியும் போவேன். ஆனால் அளவை நானே எழுதிக் கொடுப்பேன்: கடைசி அறை 30 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, உயரம் 45. வளையங்களுக்கு இடம் குறைந்தால் பரவாயில்லை. நீங்கள் வாங்கினால், காசு கொடுக்குமுன் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, பம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே ஏறி நிற்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

என் சம்பின் கடைசி அறையில் கறுப்பு நாடாவால் இரண்டு கோடு ஒட்டியிருக்கிறேன். மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுவதில்லை. கீழ்க்கோட்டைத் தொடுமுன் ஒரு வாளி தண்ணீர்.