ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குமாஸ்தா

கோத்தகிரி, குன்னூர் பக்கம் விபத்து வழக்குக்கோ உயில் எழுதவோ வக்கீல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களை அலைக்கழித்த வக்கீல் அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. எங்கள் காகிதங்கள் சில இன்னமும் அவர்கள் அலமாரியில்தான் கிடக்கின்றன.

2024 ஜனவரியில், மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், இறங்கி வந்த காய்கறி வேன் அப்பாவின் மொபெட்டில் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து கோயம்புத்தூர். அப்பாவுக்கு அப்போது 64 வயது. எழுபதுகளில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் 60 சென்ட் தேயிலை வாங்கினார். அவருடைய சொத்து என்றால் அதுவும் ஓட்டு வீடும்தான்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அந்த வக்கீல் அலுவலகத்தின் குமாஸ்தா வந்து நின்றார், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. "பெரியவரே, இருபது லட்சத்துக்குக் குறையாமல் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. ஜெயித்தால் முப்பது சதவிகிதம், தோற்றால் ஒரு பைசா வேண்டாம்" என்றார். பதினொரு இடத்தில் கையெழுத்து வாங்கினார். முதல் காகிதம் வக்காலத்து, அதாவது எங்களுக்காக வழக்கு நடத்த அவர்களுக்குக் கொடுக்கும் அதிகாரம். கடைசி நான்கில் ஒரு எழுத்துகூட இல்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வெள்ளைக் காகிதம் என்று கண்ணால் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. பழம் வாங்கி வந்த மனிதரிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று தோன்றியது. எங்கள் புத்தி அப்படி.

வக்கீல் தொழிலுக்கான இந்திய பார் கவுன்சில் விதிகளில், வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது என்றே எழுதியிருக்கிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. ஊரெல்லாம் நடப்பதுதானே என்பீர்கள். நடக்கிறது. அதனால்தான் அந்தப் பேச்சு எங்களுக்கு விபரீதமாகவே படவில்லை.

பிறகு எட்டு மாதம் வாய்தாக் கதை. "நீதிபதி விடுமுறை", "இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது", "அடுத்த மாதம் சாட்சிக்கு அழைப்பார்கள்". ஒவ்வொரு தடவையும் ஐநூறு, ஆயிரம் என்று செலவுக்கு வாங்கிக்கொண்டார்கள். தோற்றால் ஒரு பைசா வேண்டாம் என்ற வாய்தான் அது.

குட்டு உடைந்தது வழக்கால் அல்ல, உயிலால். அதே அலுவலகப் பலகையில் "உயில், பத்திரம், வாரிசுச் சான்று" என்றும் எழுதியிருக்கும். கால் முறிந்ததில் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. தன் காலத்துக்குப் பிறகு தோட்டம் அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு எனக்கும் திருப்பூரில் இருக்கும் தம்பிக்கும் சரிபாதி என்று எழுதச் சொன்னார். முன்பணமாக 15,000 ரூபாய் கொடுத்தோம். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் தனியாக ஆகும் என்றார்கள். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவதும் பதியாததும் எழுதுபவர் விருப்பம்.

செப்டம்பரில் சார்பதிவாளர் அலுவலகம் போனோம். அப்பா ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவில் படம் எடுத்தாயிற்று. சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "பெரியவரே, தோட்டத்தை இன்றைக்கே பையன் பேருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், மனப்பூர்வமான சம்மதம்தானே?" என்று கேட்டார்.

"நான் இருக்கும்வரை எனக்குத்தானே சார்?" என்றார் அப்பா.

"எல்லாம் ஒன்றுதான் ஐயா, விரலை வையுங்கள்" என்று குமாஸ்தா குறுக்கே விழுந்தார். ரேகைக் கருவிக்கு அரை அங்குலம் மேலே நின்ற கட்டைவிரலை அப்பா மெல்ல எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

அது உயில் அல்ல, செட்டில்மென்ட் பத்திரம். பதிவானால் சொத்து அன்றே கை மாறிவிடும். பிறகு மனம் மாறினால் எழுதிக் கொடுத்தவர் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால் மட்டும், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவைப் பிடித்துக் கோட்டாட்சியரிடம் போகலாம். எங்கள் பத்திரத்தில் அந்த வரி இல்லை. பத்திரம் தம்பி பேருக்குத்தான் இருந்தது, ஆனால் அவனுக்கு இதில் கை இல்லை. அவனே பயந்துபோய் அன்றிரவு போன் செய்தான். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சொத்து மதிப்பில் தலா ஒரு சதவிகிதம், உச்சவரம்பு முறையே 40,000 மற்றும் 10,000 ரூபாய். இவ்வளவு பணம் ஓர் அலுவலகத்தின் கை வழியாகப் போகும்போது நடுவில் என்ன ஒட்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்றிரவுதான் நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் ஈகோர்ட்ஸ் செயலியை இறக்கினேன். நீலகிரி மாவட்டம், அப்பாவின் பெயர், ஆண்டு. ஒன்றும் வரவில்லை. மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தட்டினேன். பதிவான வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும். எங்களுக்கு எண் இல்லை, ஏனென்றால் வழக்கே இல்லை. "தாக்கல் செய்தோம், நம்பர் ஆகவில்லை" என்றார்கள். தாக்கல் எண்ணைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட்டாக வேண்டும். எங்களுக்கு அது ஜூலையிலேயே கடந்துவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக ஊட்டியில் ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார் (பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவசம், தொலைபேசி 15100). அவர் தாமதத்துக்கு விளக்கம் எழுதி மனு போட்டார். அந்தக் கெடுவே செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்க, அது முடியும்வரை தாமதத்தைச் சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதில்தான் நாங்கள் மூச்சு விடுகிறோம்.

இருபது லட்சம் என்னவாயிற்று? புது வழக்கறிஞர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மாத வருமானம் 12,000 என்று வைத்தால் வருடத்துக்கு 1,44,000. 61 முதல் 65 வயதுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின்படி வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 7. ஆக 10,08,000. வேலை செய்யும் திறனில் 30 சதவிகிதம் போயிற்று என்று நீதிமன்றம் ஏற்றால் 3,02,400. அதோடு மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும். "இதற்கு மேல் யாராவது ஆஸ்பத்திரியிலேயே தொகை சொன்னால் சந்தேகப்படுங்கள்மா" என்றார்.

பழைய அலுவலகத்தில் காகிதங்களைக் கேட்கப் போனபோது, 25,000 வைத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவோம் என்றார்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. அதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு காயச் சான்றும் மருத்துவ பில்களும் வந்தன. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலர் சொன்னார்கள். முடியாது; வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதமே தீர்ப்பாகிவிட்டது. சென்னையில் உள்ள மாநில பார் கவுன்சிலுக்குத்தான் புகார் எழுத வேண்டும். எழுதியிருக்கிறோம்.

உயிலை அப்பா தன் கையாலேயே ஒன்றரைப் பக்கத்தில் எழுதினார். பக்கத்து வீட்டு ஆசிரியரும் பால் சொசைட்டிச் செயலாளரும் சாட்சி. செலவு, இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்த டீயும் வர்க்கியும். எழுத்தில்லாத அந்த நான்கு காகிதங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.