பன்னிரண்டு பட்டைகளைக் காட்டி விற்கப்படும் பழைய லீஃப் கார்கள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பயன்படுத்திய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னர் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முகப்புத் திரையின் வலது ஓரத்தில் வரிசையாகத் தெரியும், பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு சிறு பட்டைகளைச் சுட்டிக்காட்டி, "பற்றரி புதிதுபோல இருக்கிறது" என்று சொல்லி எமக்கு ஒரு கார் விற்கப்பட்டது. அந்தப் பட்டைகள் கருவி கொண்டு ஏற்றி வைக்கப்பட்டவை என்பது பின்னர் தெரியவந்தது. விற்பனை நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பது ஒரு காரணம். இந்த வேலையைச் செய்வது அவர்கள் மட்டும் அல்லர் என்று நான் விசாரித்த கராஜ்காரர்கள் சொன்னது மற்றக் காரணம்.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு பெருகியதற்கு ஒரு பின்னணி உண்டு. மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்த 2015 காலப்பகுதியில், யப்பானில் ஓடிய 24 கிலோவாற்று மணி பற்றரி கொண்ட லீஃப் கார்கள் பெருமளவில் இலங்கைக்குள் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, கியூஆர் அட்டைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கிய காலத்தில், அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத பழைய லீஃபுக்கும் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகும், புதிய மின்சாரக் கார்களின் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத இடத்திலேயே இருப்பதால், சிறிய மின்சாரக் கார் வேண்டும் என்பவர் கடைசியில் வந்து நிற்பது 2013, 2014 ஆம் ஆண்டு லீஃபின் முன்னால்தான். பத்து வயதைத் தாண்டிய பற்றரிக்குப் புதிய பற்றரியின் விலை கேட்கப்படுவதும் அதனால்தான்.

எமது தேவை பெரிதல்ல. என் மனைவி கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரம். பகலில் அங்கே உறவினர் வீட்டில் மின்னேற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. எனவே குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு வழிப் பயணத்தைக் கவலையின்றி முடிக்கும் கார் போதும் என்று விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னோம். அவர் 228 கிலோமீற்றர் என்றார். அது யப்பானின் ஜேசி08 சோதனை முறையில், புதிய காருக்கு, ஆய்வுகூடத்தில் கிடைத்த எண். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 2013 மாதிரிக்கு அளித்த தூரம் 75 மைல், அதாவது 120 கிலோமீற்றர் மட்டுமே. இந்த வேறுபாட்டை நான் எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "சரி சேர், நூற்று இருபது என்றாலும் உங்களுக்குப் போய்வரக் கிட்டத்தட்டக் காணும்தானே, பன்னிரண்டு பட்டையும் இருக்கிறது" என்று திரையைக் காட்டினார். யப்பானில் அதை ஒரு முதிய பெண்மணி கடைக்குப் போய்வர மட்டுமே பயன்படுத்தினார் என்றும் சொல்லப்பட்டது. இலங்கைக்கு வந்த எல்லாப் பழைய கார்களையும் அந்த ஒரே பெண்மணிதான் ஓட்டியிருக்க வேண்டும்.

லீசிங் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். உடல், வர்ணம், சக்கரம், இருக்கை, அடிச்சட்டக இலக்கம் என்று எல்லாவற்றுக்கும் அறிக்கையில் இடம் இருந்தது. பற்றரியைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. மின்சாரக் காரின் விலையில் பெரும்பகுதி பற்றரிக்கே உரியது என்ற நிலையில், அதைப் பார்க்காத மதிப்பீட்டை எதற்காக மதிப்பீடு என்று அழைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனினும் கடன் கிடைத்தது, கார் வந்தது.

முதல் சில வாரங்களில் பட்டைகள் பன்னிரண்டாகவே நின்றன. ஆனால் தூரம் வரவில்லை. வீட்டில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், மின்னேற்ற அளவு முதலில் மெதுவாகவும் பாதிக்குக் கீழே வந்தவுடன் மளமளவென்றும் இறங்கியது. பிறகு ஒரு பட்டை மறைந்தது. சிறிது காலத்தில் இரண்டு பட்டைகள் அடுத்தடுத்துப் போயின. ஒரு மாலை, கிளிநொச்சியில் முழுமையாக நிரப்பிக்கொண்டு பிள்ளைகளுடன் திரும்பும்போது, ஆனையிறவு வெளியில் எதிர்க்காற்றுடன் வந்த கார், சாவகச்சேரியைக் கடந்ததும் முதலில் எச்சரிக்கை விளக்கையும், பிறகு தூரத்துக்குப் பதிலாக மூன்று கோடுகளையும், கடைசியில் ஆமைக் குறியையும் காட்டியது. லீஃபில் ஆமைக் குறி வந்தால், பற்றரியைக் காப்பாற்றுவதற்காகக் கார் தன் வலுவைக் குறைத்துவிட்டது, சில நூறு மீற்றருக்குள் ஓரம் கட்ட வேண்டும் என்று பொருள்.

விற்பனை நிலையத்துக்குப் போனபோது எமக்குக் கிடைத்த பதில் மரியாதையானது. வெயில் காலத்தில் இப்படி வரும், மென்பொருளை ஒருமுறை சரிசெய்ய வேண்டும், காரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். மறுநாள் காரை எடுத்தபோது பன்னிரண்டு பட்டைகளும் திரும்பி வந்திருந்தன. கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஏமாற்றுக்காரர்கள் தாமாகவே தந்த சான்று என்றால் அது இதுதான். பத்து வருடப் பழைய லித்தியம் பற்றரி, ஓரிரவில், ஒரு கலமும் மாற்றப்படாமல் புதிதாக முடியாது. மின்சாரக் கார்களை மட்டுமே பார்க்கும் வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த தம்பி, கைபேசியில், லீஃப் காரின் பற்றரி விவரங்களைக் காட்டும் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே சிறு புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, பற்றரி திருந்தேல்லை. கணக்கைத்தான் திருத்தியிருக்கினம்."

அவர் விளக்கியதை இயன்ற அளவு எளிமையாக எழுதுகிறேன், ஏனெனில் மோசடி முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பற்றரியின் கொள்ளளவை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் காரில் இல்லை. பற்றரியைக் கட்டுப்படுத்தும் கணினி, எவ்வளவு மின்னோட்டம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, கலங்களின் வோல்ற்று அளவு எப்படி மாறியது என்பவற்றை நாளடைவில் கவனித்து, "கொள்ளளவு இவ்வளவாக இருக்கும்" என்று ஓர் எண்ணைக் கணித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பட்டைகள் அந்த எண்ணைத்தான் காட்டுகின்றன. பற்றரியை உண்மையாகவே மாற்றும்போது பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால், அதற்கென ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைப் பற்றரி மாற்றாமலே பயன்படுத்துவதுதான் இந்த வித்தை. எண்ணை அழித்தவுடன் கணினி தன்னிடம் புதிய பற்றரி இருப்பதாக நம்பி, மீண்டும் ஓடி, மின்னேற்றிக் கற்றுக்கொள்ளும் வரை, சில வாரங்களோ சில மாதங்களோ, பன்னிரண்டு பட்டைகளைக் காட்டிக்கொண்டிருக்கும். விற்பவருக்குத் தேவையானது அவ்வளவு காலம்தான்.

பட்டைகள் நேர்மையாக இருக்கும்போதும் அவை சொல்வது நாம் நினைப்பதைவிடக் குறைவு. முதல் பட்டை மறைவதற்குக் கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் இழக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பட்டையும் 6 வீதத்துக்குச் சற்று மேல். ஆகவே எட்டுப் பட்டை என்றால் மூன்றில் இரண்டு பங்கு கொள்ளளவு என்று கொள்ளலாம். லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். 2012 இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெப்பத்தால் பட்டைகள் விரைவாகப் போகின்றன என்று உரிமையாளர்கள் முறையிட்டு, வழக்கு வரை சென்று, ஒன்பது பட்டைகளுக்குக் கீழே போனால் பொறுப்பேற்பதாக, ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வரையான உத்தரவாதத்தை நிறுவனம் அங்கே அளித்தது. பத்து வருடம் யாழ்ப்பாண வெயிலில் நின்ற 2013 மாதிரி பன்னிரண்டு பட்டைகளையும் காட்டினால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் சந்தேகப்படுவதே முறை. என்னைக் கேட்டால், எட்டோ ஒன்பதோ பட்டைகளை மறைக்காமல் காட்டி அதற்கேற்ற விலை சொல்லும் தனிநபரிடம் வாங்குவது எவ்வளவோ மேல்.

பரிசோதிக்கும் வழிகளில் செயலியும் ஒன்று. அது மட்டும் போதாது. 24 கிலோவாற்று மணி லீஃப் புதிதாக, முழுமையாக நிரம்பியிருக்கும்போது லீஃப் ஸ்பை 281 ஜிட் காட்டும் (ஜிட் என்பது பற்றரியில் இருக்கும் மின்சாரத்தின் அளவைச் சொல்ல அந்தச் செயலி பயன்படுத்தும் அலகு). பழைய கார் ஒன்று அதே எண்ணையோ, நூறு வீத ஆரோக்கியத்தையோ காட்டினால் அதுவே கணக்கு அழிக்கப்பட்டதற்கான அறிகுறி. ஆனால் சில வாரம் ஓட்டி எண்கள் சற்று இறங்கிய பிறகு விற்பனைக்கு வைத்தால் செயலியும் நம்பத்தகுந்ததுபோல ஓர் எண்ணைச் சொல்லும். கணக்கை அழிப்பவர்களால் மாற்ற முடியாதது கலங்களின் வோல்ற்று அளவு. பற்றரியில் 96 கலச் சோடிகள் தொடராக இருக்கின்றன. மின்னேற்றம் குறைந்த நிலையில் வேகமாக முடுக்கும்போது அவற்றுள் சில மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தாழ்ந்தால், அந்தப் பற்றரியின் உண்மையான எல்லை அந்தச் சில சோடிகள்தான். நிரப்பி வைத்த காரில் பார்த்தால் இது தெரியாது. விற்பனை நிலையங்களில் கார் எப்போதும் நிரப்பியே வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல. வேக மின்னேற்றம், வீட்டு மின்னேற்றம் ஆகியவை எத்தனை முறை நடந்தன என்ற எண்ணிக்கையையும் அதே செயலியில் காணலாம். ஓடிய தூரம் 40,000 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்ட, மின்னேற்றங்கள் சில ஆயிரத்தைத் தாண்டியிருந்தால், தூர மீற்றரையும் யாரோ கவனித்துக்கொண்டார்கள் என்று ஊகிக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எளிமையானதும், எந்தக் கருவியும் வேண்டாததுமான சோதனை வீட்டு மின்மானிதான். காரைக் குறைந்த மின்னேற்ற எச்சரிக்கை வந்து, தூரத்துக்குப் பதிலாகக் கோடுகள் தோன்றும் வரை ஓட்டுங்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டி உட்பட மற்றவற்றை நிறுத்திவிட்டு, மின்மானியின் வாசிப்பைக் குறித்துக்கொண்டு, கார் தானாக மின்னேற்றத்தை நிறுத்தும் வரை விட்டு, மீண்டும் வாசிப்பைப் பாருங்கள். புதிய பற்றரி இவ்வாறு 23, 24 அலகு அளவில் உள்வாங்கும். அதில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் மின்னேற்றும்போதே வெப்பமாக வீணாகும். எமது காரில் பத்தரை அலகை எட்டும் முன்னரே மின்னேற்றம் நின்றுவிட்டது. அதாவது பாதியும் இல்லை. அப்போதும் திரையில் பன்னிரண்டு பட்டைகள் இருந்தன. இந்தச் சோதனைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். காரை ஓர் இரவு தர மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

பற்றரி பழுது என்று தெரிந்தால் "செல் மாற்றித் தருகிறோம்" என்பார்கள். பற்றரிக்குள் இருக்கும் மோசமான கலத் தொகுதிகளைக் கழற்றி, விபத்தில் சிக்கிய வேறு கார்களின் தொகுதிகளைப் போடுவதே அது. வெவ்வேறு வயதும் கொள்ளளவும் கொண்ட தொகுதிகள் தொடராக இணையும்போது மிகப் பலவீனமானதே மொத்தத்துக்கும் எல்லையாகிறது. இன்று ஒன்றை மாற்றினால் நாளை அடுத்தது. எமக்கும் அது முன்மொழியப்பட்டது, அதுவும் எமது செலவில். ஏற்கவில்லை.

எமது விற்பனைச் சிட்டையில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. பன்னிரண்டு பட்டை பற்றி எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அவர்களுடைய விளம்பரத்தில் இருந்தது; அதைப் படம் எடுத்து வைத்திருந்தது பின்னர் உதவியது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வியாபாரி ஒருவருக்கு எதிரான முறைப்பாட்டைப் பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அழிக்கப்பட்ட கணக்கு தன்னை வெளிப்படுத்திக்கொள்ள எடுக்கும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். "வெயில் தணிந்ததும் வாருங்கள்", "இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள்" என்று சொல்லப்படுவதெல்லாம் அந்தக் காலம் கடக்கும்வரைதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றிரவே மின்மானிச் சோதனையைச் செய்து, வாசிப்புகளைத் திகதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியில் சொல்வதோடு நின்றுவிடாமல் எழுத்தில் கொடுத்துப் பிரதி வாங்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள், குறைந்தபட்சம் இத்தனை அலகு உள்வாங்கும் என்ற வரியையும், பற்றரிக் கணினியின் பதிவுகள் அழிக்கப்படவில்லை என்ற வரியையும் உடன்படிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முறைப்பாடு போன பிறகு விற்பனை நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நாம் கொடுத்ததில் கணிசமான தொகையைக் கழித்துக்கொண்டு காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எடுத்து என்ன செய்வீர்கள் என்று என் மனைவி கேட்டார். விற்போம் என்றார்கள். எத்தனை பட்டையுடன் என்று அவர் மீண்டும் கேட்டபோது அழைப்பு துண்டிக்கப்பட்டது. கார் எமது முற்றத்தில்தான் நிற்கிறது. விசாரணை முடியும் வரை அதை நகருக்குள் மட்டும் ஓட்டுகிறோம். கிளிநொச்சிக்கு அவர் பேருந்தில் போய்வருகிறார்.