எடிசனைத் தோற்கடித்தது டெஸ்லாவா, டிரான்ஸ்ஃபார்மரா?

ஊருக்கு மின்சாரம் கொடுப்பதில் டிசியா (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏசியா (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) என்று அமெரிக்காவில் அன்று நடந்த சண்டையை எடிசனா டெஸ்லாவா என்று பார்த்து அடித்துக்கொள்கிறவர்கள், தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸை மறந்துவிடுகிறார்கள். ஏசியில் பணத்தைக் கொட்டி, எடிசன் கம்பெனியோடு மோதியவர் அவர்தான். டெஸ்லாவின் காப்புரிமைகள் அவர் கைக்கு வந்தது 1888-இல், போட்டி சூடுபிடித்த பிறகு.

எடிசனின் டிசி 1882 செப்டம்பரில் நியூயார்க் பேர்ல் தெருவிலிருந்து ஓடத் தொடங்கியது. 110 வோல்ட். நல்ல ஏற்பாடுதான்: மோட்டார் ஓடும், பேட்டரியில் சேமிக்கலாம், மீட்டர்கூட உண்டு. மீட்டருக்குள் துத்தநாகத் தகடுகள் இருக்கும். ஆள் வந்து கழற்றிப்போய் எடை பார்த்துத்தான் பில் போடுவார்கள்! ஆரம்பகால ஏசிக்கு உருப்படியான மோட்டாரும் கிடையாது, மீட்டரும் கிடையாது. இரண்டும் 1888-இல்தான் வந்தன, மோட்டார் டெஸ்லாவுடையது.

அப்படியும் டிசி தோற்றது தூரத்தில். மின்நிலையத்திலிருந்து ஒரு மைல் தாண்டினாலே விளக்கு மங்கும். மங்காமலிருக்கச் செம்புக் கம்பியைத் தடிமனாக்கினால் செலவு கட்டுப்படியாகாது. ஏசியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி அனுப்பி, வீட்டருகே இறக்கிக்கொள்ளலாம். வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் அதே மின்திறனுக்குக் கம்பியில் ஓடும் கரண்ட் பத்தில் ஒன்று. சூடாகி வீணாவது நூறில் ஒன்று. 1886-இல் மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டனில் வில்லியம் ஸ்டான்லி இதை ஓட்டியே காட்டிவிட்டார்.

பாதுகாப்பு விஷயத்தில் எடிசன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. தலைக்கு மேல் தொங்கிய உயர் வோல்டேஜ் கம்பிகள் நியூயார்க்கில் உயிர்களைப் பறித்தன. ஆனால் எடிசன் பக்கம் நின்ற ஹெரால்டு பிரவுன் என்பவர் ஏசியைப் பாய்ச்சி நாய்களைக் கொன்று காட்டியதும், 1890-இல் முதல் மின்நாற்காலி தண்டனைக்கு ஏசியே பயன்பட ஆள்பிடித்து வேலை பார்த்ததும் வேறு கணக்கு. (மின்சாரம் பாய்ச்சி யானையைக் கொன்ற கதையை இதில் சேர்க்காதீர்கள். அது 1903, சண்டை ஓய்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது.)

1892-இல் எடிசன் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது பெயரிலிருந்தே எடிசன் போய்விட்டார். 1896-இல் நயாகரா அருவியில் எடுத்த ஏசி மின்சாரம், 40 கிலோமீட்டருக்கு அப்பால் பஃபலோ நகரை எட்டியது.

டிசி செத்துவிடவில்லை. அதன் வோல்டேஜை ஏற்றி இறக்க அன்று வழியில்லை. இன்று அதற்குக் குறைகடத்தி (செமிகண்டக்டர்) கருவிகள் இருக்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் மின்சாரம் வருகிறது. 800 கிலோவோல்ட், டிசி.