பனங்கட்டியா, பாதிக் கரண்டியா, இனிப்பு மாத்திரையா?

நத்தாருக்குக் கேக், வருடப்பிறப்புக்குப் பால்சோறு, அது செமிக்க முதல் தைப்பொங்கல். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அந்த மூன்று கிழமையும் ஒரே பந்திதான். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நாலாம் மாடி அன்ரி லவ் கேக் அனுப்புவார், நாங்கள் சர்க்கரைப் புக்கை அனுப்புவோம். தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

பொங்கல் முடிந்த கையோடு இரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் சீனி 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரி) 5.9, இன்சுலின் 15. டாக்டர் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி 405ஆல் வகுத்தார், 4 வந்தது. இது ஹோமா கணக்கு, உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியாமல் நிற்கிறது என்று பார்ப்பது. 2.5ஐத் தாண்டினாலே பல டாக்டர்மார் யோசிக்கத் தொடங்குவார்கள். "சீனி வருத்தம் இன்னும் இல்லை. ஆனால் உங்கட உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்கிறதில்லை" என்றார். தசையும் ஈரலும் காது கொடுக்காததால் கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து கத்திக்கொண்டிருக்கிறது. அது களைத்துப்போகப் போகத்தான் சீனி ஏறிக்கொண்டு போகும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆளுக்கொரு வழி காட்டினார்கள். அடியோடு நிறுத்து என்றார் இவர். தம்பி, கரண்டியைக் குறை என்றான். சீனியை விட்டுவிட்டுப் பனங்கட்டிக்கு மாறு என்பது அம்மாவின் கட்சி. கந்தோரில் பக்கத்து மேசை அக்கா கைப்பையிலிருந்து சின்ன டப்பி ஒன்றை எடுத்துக் குலுக்கிக் காட்டினார், இனிப்பு மாத்திரை. நாலையும் முயன்று பார்த்தேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பனங்கட்டி, ஏனென்றால் அதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் குட்டானில் கட்டிய பனங்கட்டி எங்கள் குசினிக்கு வந்துவிடும். வெறும் தேத்தண்ணியை ஒரு கையில் வைத்து மற்றக் கையில் அதைக் கடித்துக் குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் ஒருநாள் கேக் அடிக்கிற தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தேன். வழக்கமாக ஒரு தேத்தண்ணிக்கு நான் கடித்து முடிக்கிற துண்டு 14 கிராம். அம்மா குவித்துப் போடுகிற இரண்டு கரண்டிச் சீனி 11 கிராம். பனங்கட்டியில் உள்ள ஈரத்தையும் மற்றதையும் கழித்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ் என்று சீனி உடைகிற மாதிரியே அதுவும் உடைகிறது. அந்தப் பிரக்டோஸை ஈரல்தான் கையாள வேண்டும், மிஞ்சினால் அது அங்கேயே கொழுப்பாகும். இன்சுலினுக்கு ஏற்கெனவே செவிடாகிப்போன ஈரலுக்கு நாங்கள் செய்கிற உபகாரம் அது. கொஞ்சம் இரும்பு, பொட்டாசியம் இருப்பது உண்மைதான். அதற்காகத் தின்பதென்றால் ஒரு கை முருங்கையிலை மலிவு.

கித்துள் பாணிக்கும் இதே கதை, கூடவே கடையில் வாங்குவதில் சீனிப்பாகு கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பாணியும் சீனியோடு ஒரே பட்டியலில்தான். அம்மாவிடம் தராசைக் காட்டினேன். "தராசு பழசு" என்றார்.

அடியோடு நிறுத்துவது எனக்கு ஆறு நாள் ஓடியது. இரண்டாம் நாள் மண்டை இடித்தது. சீனிதான் பழிவாங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகுதான் விளங்கியது, சீனி இல்லாத தேத்தண்ணி பிடிக்காமல் தேத்தண்ணியையே விட்டுவிட்டேன். தலையிடி கபீன் இல்லாததால் வந்திருக்க வேண்டும். ஏழாம் நாள் பின்னேரம் கந்தோர் வாசலில் ஒரு கிம்புலா பணிஸ், மேலே சீனி மினுங்க மினுங்க. ஒன்றல்ல, இரண்டு.

ஆனாலும் இந்த வழியை நான் தள்ளிவிடவில்லை. ஒன்று தின்றால் டப்பா காலியாகும்வரை நிற்காதவர்களுக்கு இதுதான் சுகம், தினமும் தன்னோடு பேரம் பேச வேண்டியதில்லை. எனக்கு இது குடிக்கிற பொருட்களில் வேலை செய்தது. 2016 ஆகஸ்டிலிருந்து எங்கள் நாட்டுச் சோடாப் போத்தல்களில் நிற வட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, இடைப்பட்டது மஞ்சள். சிவப்பை வீட்டுக்குள் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், அதோடு அந்தக் கதை முடிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ சீனியை இறக்குகிற சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இனிப்பைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் சீனி மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டபிறகுதான் இதில் இறங்க வேண்டும்.

இனிப்பு மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சீனி ஏறாது, உண்மை. சுக்ரலோசோ அஸ்பார்டேமோ ஸ்டீவியாவோ, அளவோடு எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் உடம்பு எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு வந்தவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. என்னைப் போல வாசற்படியில் நிற்கிறவர்களுக்கு அது பொருந்தும். என் அனுபவத்தில் அதன் குறை வேறு: நாக்கு பழைய இனிப்பிலேயே நிற்கிறது. மாத்திரை வீட்டில் மறந்துபோன அன்று கை நேரே சீனிப் போத்தலுக்குப் போகிறது.

ஆக, தம்பி சொன்ன கரண்டிதான் ஜெயித்தது. அதற்குக் காரணம் ஒரு கணக்கு. எனக்கு நாளுக்கு ஐந்து தேத்தண்ணி. ஒன்றுக்கு 11 கிராம் என்றால் 55 கிராம். பெரிய ஆளுக்கு நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது வேறெதுவும் வாயில் வைக்காமலே நான் கோட்டைத் தாண்டியிருந்தேன். பண்டிகை நாட்களில் பன்னிரண்டு துண்டு கேக் தின்றிருப்பேன். துண்டுக்கு 25 கிராம் என்று தாராளமாகப் போட்டாலும் 300 கிராம்தான். அதே இருபது நாளில் தேத்தண்ணி வழியாகப் போனது 1,100 கிராம். வருடத்துக்கு 20 கிலோ! நான் நாலாம் மாடி அன்ரியின் கேக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

செய்த விதம் இதுதான். முதல் கிழமை, குவித்த கரண்டியை விரலால் வழித்துத் தட்டையாக்கினேன். அடுத்த கிழமை ஒன்றரை, அதற்கடுத்தது ஒன்று. ஒன்றிலிருந்து அரைக்கு இறங்கினதுதான் கஷ்டம், அதில் இரண்டு கிழமை நின்றேன். இப்போது அரைக் கரண்டி, சில வேளை ஒரு துண்டு இஞ்சி. முன்பு குடித்த மாதிரி ஒருநாள் தம்பி போட்டுத் தந்தான், பாயசம் மாதிரி இருந்தது.

வெளியில்தான் தொல்லை. கடைகளில் பாலும் சீனியும் சேர்த்தே கலந்து வைத்திருப்பார்கள், ரின்பால் தேத்தண்ணி என்றால் பேசவே வேண்டாம். நான் பிளேன்டீதான் கேட்கிறேன், அதுவும் சிங்களத்தில் "சீனி நெத்துவ", சீனி இல்லாமல், என்று. "சீனி அடுவென்" என்று சொல்லிப் பார்த்தேன். குறைவு என்பதற்கு ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறார்.

சீனியைக் குறைத்துவிட்டு மத்தியானம் சோற்றுப் பார்சலை அப்படியே தின்றால் பாதி வேலைதான் நடந்திருக்கும், சோறும் பாணும் உள்ளே போய் குளுக்கோஸ்தான். பார்சலை இரண்டாகப் பிரித்து, மரக்கறியையும் மீனையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வருகிறேன். இரவுச் சாப்பாடு முடிய இவரும் நானும் கடற்கரைப் பக்கம் பதினைந்து நிமிடம் நடக்கிறோம். நடக்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

எச்பிஏ1சி கடந்த மூன்று மாதக் கணக்கைக் காட்டுவதால் மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார் டாக்டர். பொங்கலிலிருந்து எண்ணினால் சரியாகச் சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 10க்குத் திகதி எடுத்து வைத்திருக்கிறேன். அன்ரி இந்த முறை தொதல் கிண்டப்போகிறாராம்.